யோகம்மா எழுந்திருக்கிற நேரம்

கதவைத் தட்டக் கூடாது. டீயைக் கொண்டுவந்து வராந்தா மேசையில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததிலிருந்து எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தட்டக் கூடாது, தட்டக் கூடாது. போன வாரம் இதே மாதிரி கொஞ்சம் தாமதமானபோது தட்டிவிட்டேன். யோகம்மா கதவைத் திறந்து, தலைமுடி ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்க, கண்ணாடி போடாத கண்ணால் என்னைப் பார்த்தார். "தனம், நான் செத்தா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சாவேன். அதுவரைக்கும் தூங்க விடு" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. அவருக்குத் தமிழில் நீ மட்டும்தான் வரும். நீங்க என்று ஒன்று இருப்பது தெரியும், வாய்க்கு வராது. வெளிநாட்டுக்காரர் பதிவைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரையே "நீ உட்காரு, டீ சாப்பிடு" என்று சொன்னவர். பேர் யோஹானா. எங்கள் தெருவில் யார் வாயிலும் அது நுழையவில்லை. யோகா படிக்க வந்த அம்மாவாக்கும் என்று நினைத்து யோகம்மா ஆக்கிவிட்டார்கள். ஒரு நாளும் அவர் யோகா செய்து நான் பார்த்ததில்லை, ஹாலந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். இப்போது எண்பத்தாறு வயது, வருஷத்துக்கு மூன்று மாதம் எங்கள் வீட்டில் இந்த ரூமில்தான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். முதலில் செருப்புச் சத்தம் கேட்கும், பிறகு குழாயில் தண்ணீர், பிறகு தாழ்ப்பாள். இன்றைக்கு வேப்பமர நிழல் வாசலைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது, செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கேட்காமல் போயிருக்கலாம். எதிர்ப் பட்டறையில் கல் அறுக்கிற மெஷின் ஓடுகிறது, அது ஓடினால் இந்த மகாபலிபுரத்தில் கடல் இருப்பதே மறந்துபோகும். மெஷின் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. உள்ளே மின்விசிறி மட்டும் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்கிறது. டக். டக். அதற்கு நடுவில் மூச்சுச் சத்தம் ஏதாவது வருமா என்று காதைக் கதவுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, இதென்ன ஒட்டுக் கேட்கிற புத்தி என்று மறுபடியும் நேராக உட்கார்கிறேன்.

ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். திரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் என் வீட்டுக்காரர் ஏழுமலை உயிரோடு இருந்த வரை ஒன்றை மாற்றிக்கொண்டதே இல்லை: வாடகை கொடுத்துப் படுத்திருக்கிறவங்க ரூம் அவங்க வீடு, ஜன்னல் பக்கம் தலை திரும்பக் கூடாது. படகு விட்டுக்கொண்டிருந்த மனுஷன், முதல் முதலில் ஓலைக் கொட்டகையில் இரண்டு கயிற்றுக் கட்டில் போட்டு வெள்ளைக்காரர்களைத் தங்க வைத்தபோது சொன்னது. ஓலை போய் ஓடு வந்து ஓடு போய் மாடி வந்து அவரும் போய்விட்டார், எனக்குத் தலை இன்னும் ஜன்னல் பக்கம் திரும்பாது. பார்த்து, அங்கே கட்டிலில் அவர் கண் திறந்தபடி... இல்லை. தூக்கம்தான். காலையில் கடற்கரை வரைக்கும் நடந்தார், வெயில் அதிகம், அலுத்துப்போய்த் தூங்குகிறார். தூங்கட்டும். எழுந்தால் நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். எழுந்து, டீயை ஊதிக் குடித்து, எப்போதும் கேட்கிற மாதிரி "என்ன சேதி" என்று கேட்கும்போது சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு பண்ணிவிட்டேன். அடுத்த வருஷம் ரூம் இல்லைங்க. தயாளன் கீழ்த்தளத்தை இடிச்சுக் கட்டப் போறான். ரூம் இல்லைங்க. சமையல் செய்யும்போது சொல்லிப் பார்த்தேன், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பொய்க்கு இவ்வளவு ஒத்திகை வேண்டியிருக்கிறது. முழுக்கப் பொய்யும் இல்லை, என் பிள்ளை இடிக்கத்தான் ஆசைப்படுகிறான், நான்தான் விடவில்லை. அப்படியானால் அது என்ன, பாதிப் பொய்யா. நேற்று அவர் கடற்கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அந்தப் பெண் போன் செய்தாள், சாஸ்கியா, யோகம்மாவின் மகள். எனக்குப் புரிய வேண்டுமே என்று இங்கிலீஷை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். அம்மாவுக்கு அடுத்த பிறந்தநாளுக்கு மேல் பயண இன்சூரன்ஸ் கொடுக்க ஒரு கம்பெனியும் தயாராக இல்லையாம். போன மழைக்காலத்தில் அங்கே வீட்டுச் சமையலறையில் விழுந்து விடிகிற வரைக்கும் தரையிலேயே கிடந்தாராம். இதை யோகம்மா என்னிடம் சொல்லவே இல்லை. "நான் போகாதே என்றால் நாளைக்கே டிக்கெட் வாங்குவாள். நீங்கள் அறை இல்லை என்று சொல்லுங்கள். வேறு எங்கேயும் போக மாட்டாள், உங்கள் வீடு இல்லையென்றால் அவளுக்கு இந்தியாவே இல்லை" என்றாள். நான் ஓகே என்றேன். ஏன் சொன்னேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், காது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசி எதற்கெடுத்தாலும் ஓகே என்று வருகிறது, வெந்நீர் வேண்டும் ஓகே, கொசு இருக்கிறது ஓகே, என் அம்மாவை இனிமேல் வர விடாதீர்கள் ஓகே.

இடித்தால் நஷ்டமில்லை என்கிறான் தயாளன். கையில் போனை வைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவான், சின்னதாக ஒரு நீச்சல்குளம், சுற்றிலும் மூங்கில் விளக்கு, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற சென்னைப் பிள்ளைகள். மூன்று மாதம் தங்கி, நம் சமையலைச் சாப்பிட்டு, பொங்கலுக்குக் கரும்பு கடிக்கிற வெள்ளைக்காரர்கள் இனிமேல் வர மாட்டார்கள் அம்மா, வர்றவங்களுக்கும் வயசாயிட்டு, அவங்க பிள்ளைங்க வேற ஊருக்குப் போறாங்க என்கிறான். நியாயம்தான். வீட்டை விட்டு நகராமலே நான் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். முன்னெல்லாம் அவர்கள் ஊருக்குப் போகும்போது எதிர்ப் பட்டறையில் ஆளுயரப் பிள்ளையார் வாங்கிக் கப்பலில் அனுப்பச் சொல்வார்கள். அப்புறம் கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குப் பிள்ளையார் சிறுத்தார், பிறகு உள்ளங்கைக்குள் வந்தார், இப்போது கல்லே வேண்டாம், தூக்க முடியாது என்கிறார்கள். கல்லுக்குப் போன காசு மருந்துக் கடைக்குப் போயிற்று. வாடகை மோட்டார் சைக்கிள் விட்ட கன்னியப்பன் இரண்டு ஆட்டோ வாங்கி, கோயில் வாசலில் இறங்கி ஏறுகிற வரைக்கும் காத்து நிற்பதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறான். பல் டாக்டர் வந்தார், கண்ணாடிக் கடை வந்தது, வாரம் இரண்டு தடவை பிசியோதெரபி செய்கிற பெண் ஸ்கூட்டரில் வருகிறாள். மொட்டைமாடியில் நாங்கள் வைத்திருந்த ஓட்டலுக்கு ஏற ஆளில்லை, மேசையெல்லாம் கீழே வந்துவிட்டது. மீன் குழம்பில் மிளகாய் குறைந்து குறைந்து இப்போது அது மஞ்சள் தண்ணீர் மாதிரி இருக்கிறது. நானே ஒவ்வொரு வருஷமும் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு கம்பி வைத்தேன், குளியலறையில் ஒன்று, கட்டில் பக்கத்தில் ஒன்று, வாசலில் இரண்டு. அவர்களுக்கு வயதாக ஆக என் வீடும் அவர்களோடு சேர்ந்து குனிந்துகொண்டே வந்தது. ஏழுமலை இருந்தால் இதெல்லாம் முதல் போட்டு லாபம் எடுக்கிற சமாசாரம் என்று சொல்லியிருப்பார். எனக்கு அப்படி மட்டும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் வயதானவர்களுக்காகச் செய்வதுதானே. அவர்கள் வீடு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அதனால் இங்கே செய்தேன்.

மெஷின் மறுபடியும் ஓடுகிறது. கிரீச்சென்று தலைக்குள் இறங்குகிற சத்தம், இதில்கூட எழுந்திருக்காமல் ஒருவர் தூங்குவாரா. காது சற்று மந்தம், தூங்குவார். இந்தத் தடவை விமான நிலையத்துக்கு நானே போனேன். கொரோனாவில் இரண்டு வருஷம் வராமல் போனபோதே இனி வர மாட்டார் என்று நினைத்தோம், அவர் வீட்டுக்காரர் வில்லெம் ஐயாவும் இறந்துபோன பிறகு தனியாக எப்படி வருவார் என்று நினைத்தோம், ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டார். கண்ணாடிக் கதவு திறந்து சக்கர நாற்காலிகள் வரிசையாக வந்தன, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, தேர் மாதிரி. பாதி நம் ஊர்க் கிழவிகள், அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, குளிருக்கு வாங்கிய கோட்டைக் கழற்றாமல் மடியில் பையோடு திரும்பி வருகிறவர்கள். பாதி அவர்கள் ஊர்க் கிழவிகள், வெயிலைத் தேடி இங்கே வருகிறவர்கள். உலகத்திலிருக்கிற கிழவிகள் எல்லாம் வானத்தில்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. கடைசி நாற்காலியில் யோகம்மா. சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு சின்னதாக ஆகியிருந்தார். என்னைப் பார்த்ததும் தள்ளிக்கொண்டு வந்தவரை நிறுத்தச் சொல்லி, எழுந்து நின்று, நடந்து வந்தார், நாற்காலி தனக்கு இல்லை என்பது போல. பின்தெருவில் ஒரு லாட்ஜில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார். போலீஸ், தூதரகம், செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, பெட்டி, ஐஸ். உடலை அனுப்பி முடிப்பதற்குள் லாட்ஜ்காரர் இளைத்துப் பாதியாகிவிட்டார், அவரைக் கேள்வி கேட்காத ஆள் இல்லை. எண்பதுக்கு மேலே யாரும் வேண்டாம்மா என்று தயாளன் அன்றைக்குத்தான் முதலில் சொன்னான். இப்போது உள்ளே அப்படி ஏதாவது ஆகியிருந்தால், போய்விட்டிருந்தால், நான் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் வந்தது அந்த நினைப்பு, யாரோ பக்கத்தில் வந்து தோளில் கை வைத்த மாதிரி இதமாக வந்தது, அது என்னவென்று எனக்குப் புரிவதற்குள் மனசு லேசாகிவிட்டது. சீ. எழுந்து நின்றுவிட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். ஒரு பொய் சொல்வதிலிருந்து தப்பிக்க ஒரு உயிரையே கொடுக்கிற ஆளா நான். என் முடியைப் பிடித்து இழுத்தாரே, அவர் உயிரையா.

சுனாமி அன்றைக்குக் கீழே அடுப்படியில் இருந்தேன். என்ன சத்தம் என்று வாசலுக்குப் போகிறேன், தெரு முனையில் படகு ஒன்று குறுக்காக வருகிறது, தண்ணீரையே நான் பார்க்கவில்லை, படகைத்தான் பார்த்தேன், படகு ஏன் தெருவில் வருகிறது என்று நின்றுகொண்டிருக்கிறேன். அப்போது பின்னாலிருந்து கொண்டையோடு சேர்த்துப் பிடித்து ஒரு இழுப்பு. படியில் முழங்கால் இடிக்க இடிக்க மேலே இழுத்துக்கொண்டு போனார். அப்போதே அவருக்கு அறுபதுக்கு மேல். நாங்கள் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது கீழே நான் நின்ற இடத்தில் கதவு உயரத்துக்குத் தண்ணீர். அன்றிரவு என் தலையில் எண்ணெய் தடவிக்கொண்டே மன்னிப்புக் கேட்டார், முடி கொத்தாக வந்துவிட்டது என்று. அந்த முழங்கால்தான் இன்றைக்கும் எனக்கு மடங்காது, குளிர் நாளில் குத்தும், குத்தும்போதெல்லாம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். அவர் எனக்காகக் கதவைத் தட்டிக்கொண்டா நின்றார், கூப்பிட்டுக்கொண்டா நின்றார், இல்லையே. நான் மட்டும் மரியாதை, மரியாதை என்று உட்கார்ந்திருக்கிறேன். மரியாதையா பயமா. கோபித்துக்கொள்வார் என்கிற பயமா, பதில் வராது என்கிற பயமா. இரண்டாவதுதான். தட்டாத வரைக்கும் அவர் தூங்குகிறார். தட்டிப் பதில் வராவிட்டால் அதற்கப்புறம் அவர் தூங்குகிறார் என்று நான் நினைக்க முடியாது. டீயில் ஏடு படிந்துவிட்டிருக்கும். தட்டைத் தூக்கிப் பார்க்கவும் பயம். இந்த வராந்தாவில் இப்படி உட்கார்ந்திருப்பது என்னவோ எனக்கு முன்பே தெரிந்த ஒருவர் உட்காருகிற இடம் மாதிரி இருக்கிறதே, யார், யார் இப்படி மூடின கதவைப் பார்த்துக்கொண்டு, திறக்க முடியாமல், தட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு... அந்தப் பெண். சாஸ்கியா. நான் இந்த ஒரு மத்தியானம் உட்கார்ந்ததற்கே தாங்கவில்லை, அவள் வருஷம் தவறாமல் மூன்று மாதம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், நடுவில் கடல்களை வைத்துக்கொண்டு. அம்மாவை வர விடாமல் செய்கிற பெண் என்று நேற்றிலிருந்து அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. கோபத்தோடுதான் ஓகே சொன்னேன்.

"யோகம்மா, டீ." கூப்பிட்டேவிட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டேன். டக், டக் என்று விசிறி. பிறகு, "வர்றேன்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே டீயைச் சுட வைக்கத் திரும்பியவள் நின்றுவிட்டேன். குரல் வந்த இடம் சரியில்லை. கட்டில் உயரத்திலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது. யோகம்மா, எங்கே இருக்கீங்க என்றேன். விழுந்துட்டீங்களா என்றேன். விழவில்லை, எழுந்தபோது கால் வரவில்லை, கட்டிலோரமாகச் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான், வலி இல்லை என்றார். எப்போது என்று கேட்டதற்கு, படுத்துக் கொஞ்ச நேரத்திலேயே பாத்ரூம் போக எழுந்ததாகச் சொன்னார். அவ்வளவு நேரமாக உள்ளே அவர் தரையிலும் வெளியே நான் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்திருக்கிறோம். நான் நாற்காலியை இழுத்த சத்தம்கூட அவருக்குக் கேட்டிருக்கிறது. கூப்பிட்டிருக்கலாமே என்றேன். சாவி என்னிடம் இருக்கிறது, ஆனால் உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். தயாளன் முன்பக்கம்தான் இருக்கிறான், கூப்பிடுகிறேன், கதவை உடைத்துவிடலாம் என்றேன். "வேண்டாம்." இது பள்ளிக்கூட டீச்சர் குரல். "நீ மட்டும். தயா வேண்டாம். நான் வர்றேன்." பிறகு தரையில் துணி இழுபடுகிற சத்தம். சர்ரென்று கொஞ்சம், நிற்கும், மூச்சு, மறுபடியும் சர்ரென்று கொஞ்சம். மொசைக் தரையில் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து வருகிறார். கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்து நானும் தரையில் உட்கார்ந்தேன், மடங்காத காலை நீட்டி, கதவில் காதை வைத்து. வந்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் முதுகை வைத்துச் சாய்ந்தது பலகையில் தெரிந்தது.

கைத்தடி இருக்கிறதா, அதன் வளைந்த பிடியைத் தாழ்ப்பாளில் மாட்டி இழுங்கள் என்றேன். இரு, மூச்சு வாங்குகிறது என்றார். இருந்தேன். பிறகு அவர் சொன்னார், "சாஸ்கியாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு. அப்புறம் திறக்கிறேன்." நாக்கு நுனியில் ஓகே வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். மகளுக்கு ஒரு ஓகே, அம்மாவுக்கு ஒரு ஓகே, இரண்டையும் வாங்கிக்கொண்டு யாரிடம் நான் மனுஷியாக இருப்பது. திறக்கட்டும் முதலில், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு மனசு சொன்னது. "அவங்க நேத்து போன் பண்ணாங்க யோகம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தமிழிலும் இங்கிலீஷிலும் கலந்து, இன்சூரன்ஸ், சமையலறையில் விழுந்தது, ரூம் இல்லை என்று சொல்லச் சொன்னது, நான் சரி என்றது, இன்றைக்கு டீ குடிக்கும்போது அதைச் சொல்ல இருந்தது எல்லாவற்றையும். கதவைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது. "ரூம் இல்லையா" என்று மட்டும் கேட்டார். சின்னப் பெண் கேட்கிற மாதிரி இருந்தது. "இருக்கு. எப்பவும் இருக்கும். ஆனா நான் இன்னைக்கு வெளியில உக்காந்து பயந்தேன். உங்க பொண்ணு அங்க தினமும் இப்படித்தான் உக்காந்திருக்கா. நான் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்." கல் மெஷின் ஓடி நின்றது. முன்பக்கம் தயாளன் யாரிடமோ போனில் சிரிக்கிறான். கோபத்தில் திறக்காமலே இருந்துவிட்டால் என்ன செய்வது, கதவை உடைத்தால் பலகை அவர் மேலேயே விழுமே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மேலே தாழ்ப்பாளில் தடி தட்டிற்று. ஒரு தடவை தவறியது, இரண்டு தடவை தவறியது, அவர் ஹாலந்து பாஷையில் ஏதோ திட்டினார், அப்புறம் மாட்டி இழுத்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார். மெதுவாகத் தள்ளினேன். இடைவெளியில் முதலில் தெரிந்தது அவர் கால், வெள்ளையாக, நரம்பு ஓடி, ஒரு பாதத்தில் மட்டும் செருப்போடு. பாவாடை நனைந்திருந்தது. அதனால்தான் தயா வேண்டாம் என்றிருக்கிறார். நான் ஒன்றும் பார்க்காதவள் மாதிரி பீரோவைத் திறந்து வேறு துணி எடுத்தேன்.

எழுப்புவது பெரும்பாடாக இருந்தது. பிசியோ பெண் சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியை முன்னால் போட்டு, முதலில் ஒருக்களித்து, முட்டி போட்டு, நாற்காலியில் கையூன்றி, ஒரு காலை நிமிர்த்தி. அவர் எடை ஒரு மூட்டை இலவம்பஞ்சு இருக்கும், அதைத் தூக்கவே என் முழங்கால் மளுக்கென்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடினோம். உட்கார வைத்ததும் வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, துணி மாற்றிவிட்டேன். அவர் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். போனைக் கொடு என்றார். கொடுத்ததும் இல்லை, முதலில் சீப்பைக் கொடு என்றார். தலையை வாரிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வீடியோ காலில் மகளைக் கூப்பிட்டார். அவர்கள் பாஷை எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, இத்தனை வருஷத்தில் கற்றுக்கொள்ளவுமில்லை. குரல் மட்டும் கேட்டுக்கொண்டு தரையைத் துடைத்தேன். முதலில் அந்தப் பக்கம் சத்தமாக இருந்தது, இந்தப் பக்கம் சிறியதாக இருந்தது. பிறகு மாறி இந்தப் பக்கம் சத்தமானது. நடுவில் தனம் என்றார். இன்னொரு தடவை தனம் என்றார். தெரியாத பாஷைக்குள் நம் பேர் வருவது இருட்டில் யாரோ நம் கையைப் பிடித்த மாதிரி, யார் என்று தெரிகிற வரைக்கும் பயம். திட்டுகிறாரா, காட்டிக்கொடுத்துவிட்டாள் என்கிறாரா. அப்புறம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் யோகம்மா போனை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். இத்தனை காலமாகக் குரல்தான், முகம் பார்த்ததில்லை. வில்லெம் ஐயா பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிய போட்டோவில் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற பெண்ணிடம்தான் நான் இவ்வளவு நாளும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். போனில் ஒரு நரைத்த அம்மாள் இருந்தார். கண்ணுக்குக் கீழே பை. என் வயது, கூடவே இரண்டு வருஷம் இருக்கலாம். அவரும் என்னை அப்படித்தான் பார்த்திருப்பார். பயந்தீங்களா என்று கேட்டார், மெதுவான இங்கிலீஷில். ரொம்ப என்றேன். நான் தினமும் என்றார். யோகம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்ச்சில் அம்மா திரும்பும்போது அழைத்துப் போகத் தானே வரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார் சாஸ்கியா. இதுவரைக்கும் எத்தனையோ தடவை அம்மா கூப்பிட்டிருக்கிறார், வேலை, பிள்ளைகள், பிறகு பயம், ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டுவிட்டார். அடுத்த வருஷத்தைப் பற்றி மூன்று பேரில் யாரும் பேசவில்லை. வாங்க, பக்கத்து ரூமை எடுத்து வைக்கிறேன், மார்ச்சில் வெயில் ஏறிவிடும், கடல் காற்று இருக்கும், சமாளிக்கலாம் என்றேன். அவர் தயங்கினார். இடுப்பு எலும்பு மாற்றி ஆபரேஷன் செய்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம், தடி இல்லாமல் இப்போதுதான் நடக்கிறாராம். "அம்மாவைப் பார்த்துக்க நான் வர்றேன். என்னை யார் பார்த்துக்குவாங்க?" என்று சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை, பதில் வேண்டும் என்கிற மாதிரி காத்திருந்தார். யோகம்மாவும் ஜன்னலிலிருந்து திரும்பி என் வாயைப் பார்த்தார். "நான் இருக்கேன்" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன், வீட்டுக்கு வருகிறவர்களிடம் எப்போதும் சொல்வதுதான். சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்து, டீயைச் சுட வைக்க எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலி விலகட்டும் என்று குனிந்தபடியே நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இப்போது தணிந்த குரலில், யாரோ ஒருவர் சிரிக்கிறார். இந்த மத்தியானம் முழுக்க இன்னொருவருக்காகப் பயந்தாயிற்று. இருப்பேனா என்று முதல் தடவையாக எனக்காகப் பயமாக இருக்கிறது.